ஜோடி வாசிப்பு

அட, நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு, நான் ஒண்ணும் சண்டை போட வரல. படியேறி வந்ததுல மூச்சு வாங்குது, அவ்வளவுதான். அந்த முக்காலிய இப்படித் தள்ளு. ஆமா, உன் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. முந்தாநாள் காலையில ஷூ மாட்டிக்கிட்டே, அண்ணி, சின்னவள வேற ஸ்கூல்ல சேர்க்கப் போறோம், வியாழக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்கன்னு. என் கொழுந்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியணும். சரி, நீயா வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். நேத்தும் வாயத் திறக்கல. ஒரே வீடு, கீழ நான், மேல நீ. நீ மிளகாய் வறுத்தா நான் கீழ தும்முறேன். ஆனா இது மட்டும் எனக்குத் தெரியக் கூடாது, இல்ல?

கோபமா? எனக்கா? கோபம்னா இப்படி உக்காந்து பேசிக்கிட்டா இருப்பேன்? நீ பீன்ஸ நறுக்கு. நார் எடுத்துட்டு நறுக்குடி, தொண்டையில சிக்கும். எத்தன வருஷமாச்சு இந்த வீட்டுக்கு வந்து, இன்னும் நார் எடுக்கத் தெரியல. சரி சரி, நான் எதுக்கு. உன் அடுப்பு, உன் பீன்ஸு, உன் பொண்ணு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். வேற ஸ்கூலுக்குப் போனா மட்டும் அவளுக்குப் பேச்சு வந்துடுமா? இங்க இருந்து திக்குறவ அங்க போயும்தான் திக்கப் போறா. இங்கயாவது கூடப் பொறந்தவ மாதிரி என் பொண்ணு இருக்கா. ஒரே கிளாஸு, ஒரே வேன். அங்க யாரு இருக்கா? ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற குழந்தை, மிஸ், பாத்ரூம்னு சொல்ல வாய் வராம பாவாடைய நனைச்சுக்கிட்டு நிக்கும். மத்ததுங்க மூக்கப் பொத்திக்கிட்டு சிரிக்கும்.

தெரியும்டி, இங்கயும் அதான் நடந்துச்சு. அதுக்காகத்தான் மாத்துறேங்கிறியா? டியூப்லைட் டியூப்லைட்னு கூப்பிட்டு அழ வெக்கிறாங்களாமா? ஆமா, பேரு வச்சது நான்தான். இல்லேன்னு சொன்னேனா? அன்னிக்கு எல்லாரும் கீழ என் வீட்டுலதானே சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். தண்ணி வேணும்னு கேக்குறதுக்கு, த... த... த...ன்னு கண்ணு ரெண்டையும் இறுக்கி மூடிக்கிட்டு நின்னா. எனக்குச் சிரிப்பு தாங்கல. அடியேய் டியூப்லைட், சீக்கிரம் எரிடி, சோறு ஆறிப்போகுதுன்னேன். யாரு சிரிக்கல சொல்லு? எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. உன் புருஷன் புரையேறிப் போற அளவுக்குச் சிரிச்சாரு. நீ மட்டும்தான் தட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த. செல்லமா வச்ச பேரு அது. என் பொண்ணு அத ஸ்கூல்ல போய்ச் சொன்னா, நான் வாயவா தைக்க முடியும்? குழந்தைங்கன்னா நாலு கேலி இருக்கத்தான் செய்யும். தாங்கிக்கணும். நீ பொத்திப் பொத்தி வளர்க்குற. அதான் நாக்கே எழும்ப மாட்டேங்குது.

இங்க பாரு, நான் எப்படி வளர்க்குறேன்னு உனக்குத் தெரியும். என் பொண்ணுக்கு நான் படுற பாடு இந்தத் தெருவுல எவ படுறா? ஃப்ரிட்ஜ் கதவுல எழுத்து, பீரோவுல எழுத்து, பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் கூட அட்டை ஒட்டி வச்சிருக்கேன். பல்லு விளக்கும்போது கூட வீணா நிக்கக் கூடாது அவ. சாயங்காலம் பால் குடிச்ச கையோட புத்தகம். நான் ஒரு வரி சொல்லணும், அவ ஒரு வரி சொல்லணும். நான் மூச்சு விடுறதுக்குள்ள அடுத்த வரி வரணும். வரலேன்னா பக்கத்துல மரக்கரண்டி இருக்கு. அதக் கையில எடுத்தாப் போதும், அடிக்கக் கூட வேண்டாம், கடகடன்னு வந்துடும். முழுப் புத்தகமும் தலகீழாச் சொல்லுவா. கீழ இருந்து உனக்குக் கேட்டிருக்குமே. கேக்கணும்னுதானே ஜன்னலத் திறந்து வச்சேன்.

அந்த மிஸ்ஸு என்ன சொல்லிச்சு தெரியுமா, பேரன்ட்ஸ் மீட்டிங்குல? நீயும்தான் இருந்த, கடைசி பெஞ்சுல, சேலைத் தலைப்பக் கையில சுத்திக்கிட்டு. வீட்டுல தினம் கொஞ்ச நேரம் குழந்தை வாசிக்கிறத நீங்க கேளுங்க போதும்னுச்சு. வார்த்தைக்குக் கீழ விரல வச்சு வாசிக்கச் சொல்லுங்க. தடுமாறினா உடனே எடுத்துக் கொடுக்காதீங்க, காத்திருங்க. பாதியில நிக்கிற வார்த்தைய நீங்க முடிச்சு வெக்காதீங்க. நீங்க கதை வாசிச்சுக் காட்டுங்க, அடுத்து என்ன ஆகும்னு கேளுங்க. ஒரு குழந்தைய இன்னொரு குழந்தையோட ஒப்பிட்டுப் பேசாதீங்க. ஐயோ, எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. காத்திருக்கணுமாம்! அடுப்புல பால் பொங்குது, வாசல்ல ஆளு நிக்குது, இவ க... க... க...ன்னு நிப்பா, நான் கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் காத்திருக்கணுமாம். எனக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. க...ன்னு ஆரம்பிச்சா கதவாங்கிறேன், கரண்டியாங்கிறேன், ஏதோ ஒண்ணு, தலையாட்டிட்டுப் போவா உன் பொண்ணு. இப்ப என்னப் பார்த்தா ஆரம்பிக்கிறதே இல்ல. கைய நீட்டிக் காட்டிட்டு ஓடிடுறா.

நீ மட்டும் அந்த மிஸ்ஸு சொன்னத வேதவாக்கா எடுத்துக்கிட்ட. மாடியில சத்தமே வராது. என்னடா பண்றாங்கன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். நீ பாட்டுக்குத் துணி மடிச்சுக்கிட்டு இருக்க, அவ உன் மடியில சாஞ்சுக்கிட்டுப் புத்தகத்த வச்சுக்கிட்டு விரல நகர்த்திக்கிட்டே இருக்கா. உதடு மட்டும் அசையுது. ஊமைப்படம் பார்க்குற மாதிரி இருந்துச்சு. இதுக்குப் பேரு படிப்பான்னு நெனச்சு, கீழ போய் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

அந்த ஜோடி வாசிப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்கல்ல, அதான் எனக்கு வந்த வினை. கிளாஸுல பாய் பாயா விரிச்சு, ஒரு பாய்க்கு ரெண்டு குழந்தை, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு புத்தகம். சேர்ந்து வாசிக்கணும். எழுத்தே இன்னும் வராததுங்களுக்கு மட்டும் கரும்பலகை ஓரமா முன்னாடி ஒரு பாய், அட்டைய வச்சுக்கிட்டு அ, ஆன்னு. மிஸ்ஸு பார்த்துச்சு, இதுங்க ரெண்டும் ஒரே வீடு, ஒண்ணுக்கொண்ணு பழக்கம்னு ஒரே பாயில போட்டுடுச்சு. எனக்கு எப்படி இருக்கும்? என் பொண்ணு குதிரை மாதிரி ஓடுறவ. அவ கால்ல கொண்டுபோய் ஒரு கல்லக் கட்டினா?

ஆமா. நான்தான் போய்ச் சொன்னேன். இப்பதான் தெரியுமா உனக்கு? மிஸ்ஸா பிரிச்சு வெச்சாங்கன்னு நெனச்சியாக்கும். நான்தான் போய் நின்னு, என் பொண்ணுக்கும் திக்கல் ஒட்டிக்கும், பிரிச்சு வைங்க, இல்லேன்னா மேல போய்ப் புகார் கொடுப்பேன்னேன். அந்த மிஸ்ஸு எவ்வளவோ சொல்லிப் பார்த்துச்சு, ஒட்டாதும்மா, அது ஒட்டுற வியாதி இல்லம்மான்னு. நான் விடல. என் பொண்ண வேற ஒருத்தியோட போட்டாங்க. உன் பொண்ணு தனியா வாயே திறக்கலன்னு முன்பாயில கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு எனக்கு ரெண்டு கவளம் சோறு கூடவே இறங்குச்சு. பெரிய மருமகளோட பொண்ணு நடுப்பாயில, சின்ன மருமகளோட பொண்ணு முன்பாயில. இப்படி முறைக்காதடி. உள்ளதச் சொல்றேன். கத்தியக் கீழ வை, கைய வெட்டிக்கப் போற.

அப்புறம் எதுக்கு இப்ப வந்து இங்கயே இருக்கட்டும்னு கெஞ்சுறேன்னு கேக்குற. நான் எங்க கெஞ்சினேன்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். குடும்பம்னா ஒண்ணா இருந்தாத்தான்... சரி. நீ அப்படிப் பார்க்குறதப் பார்த்தா, சொன்னாத்தான் விடுவ போலிருக்கு. மிஸ்ஸு என்னக் கூப்பிட்டு அனுப்பிச்சு. முந்தாநாள் மத்தியானம்.

நான் ஏதோ பாராட்டத்தான் கூப்பிடுறாங்கன்னு பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். அந்த மிஸ்ஸு கதவச் சாத்திட்டு, உங்க பொண்ணுக்கு வாசிக்க வரலேம்மா, ரெண்டு பேரையும் பிரிச்சு வெச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுதுங்குது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. முழுப் புத்தகமும் தலகீழாச் சொல்றவளுக்கா? சொல்றா, வாசிக்கலங்குது. இதுவரைக்கும் அவ பார்க்காத ஒரு புத்தகத்த எடுத்து விரிச்சுச்சு. அந்தப் பக்கத்துல ஒரு யானைப் படம், கீழ ஒரே ஒரு வரி. என் பொண்ணு நிமிர்ந்து நின்னு, கணீர்னு, யானை குளத்தில் குளிக்கிறதுன்னா. நான் பெருமையாப் பார்த்தேன். அப்புறம்தான் வரியப் பார்த்தேன். மழை வருது, எல்லாரும் வீட்டுக்கு வாங்கன்னு போட்டிருக்கு. யானையும் இல்ல, குளமும் இல்ல. மிஸ்ஸு மெதுவா, இதுல மழைல வர்ற ம எங்க இருக்கு, காட்டு கண்ணாங்குது. இவ புத்தகத்தப் பார்க்கல. என் முகத்தப் பார்த்தா. நான் உதட்ட அசைச்சாச் சொல்லலாம்னு என் உதட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

இரு, இன்னும் இருக்கு. இவ்வளவு நாளா எப்படித்தான் வாசிச்சான்னு கேட்டேன். மிஸ்ஸு முன்பாயில இருந்து உன் பொண்ணக் கூப்பிட்டுச்சு. பக்கத்துல உக்கார வெச்சுச்சு. உன் பொண்ணு என்னப் பார்த்ததும் சுருங்கிப் போனா. மிஸ்ஸு என்னத் திரும்பி உக்காரச் சொல்லுச்சு. சுவத்தப் பார்த்து உக்காந்தேன், என்ன மரியாதை பாரு எனக்கு. அப்புறம் என் பொண்ணு குரல் கேக்குது. மழை வருது. எல்லாரும் வீட்டுக்கு வாங்க. ஒரு எழுத்து பிசகல. திரும்பிப் பார்த்தா, உன் பொண்ணு விரல வரிக்குக் கீழ வச்சு நகர்த்துறா, காதோட காதா குசுகுசுன்னு வாசிச்சுச் சொல்றா. என் பொண்ணு அத வாங்கி சத்தமா விடுறா. ரேடியோ பெட்டி மாதிரி, பாட்டு ஒருத்தருது, சத்தம்தான் இவளுது.

குசுகுசுன்னு சொல்லும்போது உன் பொண்ணுக்குத் திக்கவே இல்லடி. தண்ணி ஓடுற மாதிரி ஓடுது. மிஸ்ஸு அவகிட்ட ரெண்டாங்கிளாஸ் புத்தகத்தக் கொடுத்துச்சு, அதுவும் ஓடுது. மூணாங்கிளாஸ் புத்தகம் கொடுத்துச்சு, எங்கயோ ஒரு இடத்துல நின்னா, விரல வச்சு யோசிச்சா, தானா சரி பண்ணிக்கிட்டுப் போயிட்டா. இந்த கிளாஸுலயே நல்லா வாசிக்கிறது இவதாம்மா, வாய் திறக்காததால எனக்கே தெரியாமப் போச்சு, முன்பாயில உக்கார வெச்சது என் தப்புன்னு அந்த மிஸ்ஸு கண்ணத் தொடச்சுக்குது. வீட்டுல யாரோ அவசரப்படுத்தாம உக்காந்து கேட்டிருக்காங்க, அவங்க அம்மாகிட்ட மறக்காமச் சொல்லுங்கன்னுச்சு. உன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க.

ஏன் அழற? இப்ப என்ன ஆச்சு? ஆமா, முந்தாநாளே சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணல. வயித்தெரிச்சல்னு வச்சுக்கோயேன். கரண்டியும் கையுமா நான் நாயாக் கத்துறேன், நீ துணி மடிச்சுக்கிட்டே ஜெயிச்சுட்டுப் போயிடுற, அத நானே மாடியேறி வந்து உனக்கு ஊட்டி விடணுமா?

வீட்டுக்கு வந்து என் பொண்ண வெளுத்தேன். ஏன்டி ஏமாத்தினேன்னு கேட்டா, அவ தேம்பிக்கிட்டே, நான் ஏமாத்தலம்மா, அவளுக்குச் சத்தம் வராது, எனக்கு எழுத்து வராது, அதனால நாங்க சேர்ந்து வாசிச்சோம்ங்கிறா. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற வயசுல எப்படிப் பேசுது பாரு. உன் பொண்ணுதான் கெடுத்து வச்சிருக்கா. கூடவே உக்காந்து கூடவே சொல்லிக் கொடுத்தா, இவ எப்படித் தானாக் கத்துக்குவா? நான் அப்படித்தான் நெனக்கிறேன். நானா? நான் ஒரு வரி சொல்லி அவ ஒரு வரி சொல்றதும் இதுவும் ஒண்ணாடி? வாயக் கிளறாத.

இப்ப மிஸ்ஸு என்ன சொல்லுதுன்னா, பெரியவள முன்பாய்க்கு மாத்தணுமாம். முதல்ல இருந்து எழுத்து. ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டா, கொஞ்ச நாள்ல வந்துடும், வீட்டுல கரண்டிய மட்டும் தூக்கிப் போடுங்கங்குது. முன்பாய்! என் பொண்ணு! இந்தத் தெருவுல ஒருத்தி விடாம எல்லார்கிட்டயும் அவ வாசிக்கிறதப் பத்திப் பேசியிருக்கேன். நாளைக்கு வேன்ல எல்லாப் பிள்ளைங்களும் அவளுக்கு என்ன பேரு வெக்கும்? அதத் தாங்குவாளா? ரோஷக்காரி. என்ன மாதிரி.

நான் கேட்டேன், இதுங்க ரெண்டையும் பழையபடி ஒரே பாயில போட்டுடுங்களேன்னு. அதுக்கு மிஸ்ஸு யோசிச்சு, போடலாம், முன்பாய் வேண்டாம், ஆனா சின்னவளும் சேர்ந்து சத்தமா வாசிக்கணும், ரெண்டு பேரும் ஒரே குரல்ல வாசிச்சா அவளுக்குத் திக்காது, அப்படியே மெல்ல மெல்ல வாய் திறந்துடும், பெரியவளுக்கும் விரலப் பார்த்துப் பார்த்து எழுத்து பிடிபடும்னுச்சு. ஆனா சின்னவ வேற ஸ்கூல் போறாளாமே, அவங்க அப்பா ஃபோன் பண்ணாரே, அப்ப முன்பாய்தான்னு கைய விரிச்சுடுச்சு. இப்பப் புரியுதா நான் எதுக்கு வந்தேன்னு?

தெரியும்டி, நீ இதத்தான் சொல்லுவேன்னு. இவ்வளவு நல்லா வாசிக்கிற பொண்ண எதுக்கு இங்க விடணும், புது ஸ்கூல்ல போய் இதையே சொல்றேன், அங்க பேரு சொல்லிக் கேலி பண்ண யாரும் இல்லன்னு. முகம் எப்படி மலருது பாரு! கல்யாணம் ஆகி வந்தப்ப கூட உன்ன இப்படிப் பார்க்கல. கையத் தொடச்சுட்டு எங்க எழுந்திருக்குற? ஃபோன வை. உன் வீட்டுக்காரருக்கு அப்புறம் பேசிக்கலாம். உக்காரு.

அந்த ஸ்கூலுக்கு நான் நேத்தே போயிட்டு வந்துட்டேன்.

பெரியம்மான்னு சொன்னதும் உள்ள விட்டாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தங்கமானவங்க, காப்பி எல்லாம் கொடுத்தாங்க. எங்க வீட்டுச் சின்ன மருமக சொல்லக் கூச்சப்படுறா, அதான் நானே வந்தேன், குழந்தைக்குப் பேச்சும் வராது, புத்தியும் கொஞ்சம் அப்படி இப்படி, திடீர்னு பக்கத்துல இருக்குற பிள்ளையக் கடிச்சு வச்சுடுது, பழைய ஸ்கூல்ல தாங்க முடியாமத்தான் அனுப்புறாங்க, மறைச்சுச் சேர்த்தா நாளைக்கு உங்களுக்குத்தானே கெட்ட பேருன்னு சொன்னேன். ரெண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டேன். அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு, நல்லவேளை சொன்னீங்கம்மான்னாங்க. இந்த வருஷம் இடம் இல்லன்னு சொல்லிடுறோம், அந்தம்மா மனசு கஷ்டப்படாதுன்னாங்க. நீ வேணும்னா நாளைக்குப் போய்ப் பாரு. இடம் இல்லன்னுதான் சொல்லுவாங்க. இல்ல, நான் வந்ததச் சொல்ல மாட்டாங்க, சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். வேற ஸ்கூல் தேடுறியா? தேடு. எனக்கும் ரெண்டு காலு நல்லாத்தான் இருக்கு.

கத்தாத, ஜன்னல் திறந்திருக்கு. தம்பிகிட்டச் சொல்லு, தாராளமாச் சொல்லு. அண்ணி அப்படிச் செய்வாங்களான்னு உன்னத்தான் கேப்பாரு. எழுந்து முகத்தக் கழுவு, வேன் வர்ற நேரமாச்சு. சின்னவ வந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுத்துக் கீழ அனுப்பு, பெரியவளுக்கு நாளைக்குப் பாடம் இருக்கு. அப்புறம், அந்த மிஸ்ஸு சேர்ந்து சத்தமா வாசிக்கணும்னு ஏதோ சொல்லுச்சுல்ல, அதெல்லாம் உன் பொண்ணுக்கு வேண்டாம்னு சொல்லி வை. காதோட சொன்னாப் போதும்.